பதில் வராத கதவு

1

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் எவரும் கேட்கக் கூடாது.

பெயர் ஏகாம்பரம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆரணியில் அடுத்தவர் வீட்டு வாடகைத் தறியில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். சொந்தத் தறி போட்டேன். ‘இவனுக்கு எதுக்குடா மோட்டாரு’ என்று தெருவே சிரித்தபோது பட்டு நூல் முறுக்கும் பட்டறை வைத்தேன். சிரித்தவர்களே பிறகு என்னிடம் நூல் முறுக்கக் கொடுத்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் சேலைக்கடை திறந்தேன். அது ஒருமுறை எரிந்தது. திரும்பக் கட்டினேன், முன்பைவிட அகலமாக. பெண்கள் இரண்டு பேரையும் நல்ல இடத்தில் கொடுத்தேன். மகனை இன்ஜினியர் ஆக்கினேன். அவன் எண்பதுகளிலேயே மேல்படிப்புக்கு அமெரிக்கா போய், நியூஜெர்ஸியில் வீடு வாங்கி உட்கார்ந்தான்.

இதெல்லாம் ஆரணியில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அறுபது தாண்டிய பிறகு, இங்கிலீஷ் தெரியாமல், பனி கொட்டுகிற இந்த ஊரில் நான் இன்னொன்று கட்டினேன். செங்கல் வைத்துக் கட்டவில்லை. கிழவன் கிழவிகளை வைத்துக் கட்டினேன். காலையில் ஒன்றாகச் சேர்ந்து நடக்கிற கூட்டம். நான் கட்டியதிலேயே பெரியது அதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

இந்த மாதம் அதற்கு ஐந்தாம் ஆண்டு விழா நடந்தது. மேடை, மாலை, கேசரி, அச்சடித்த விழா மலர் எல்லாம் உண்டு. மலரை வீட்டுக்கு எடுத்துவந்து எழுத்துக் கூட்டிக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். என் பெயர் இல்லை. விளம்பரம் கொடுத்த இட்லி மாவுக் கடைக்காரர் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை.

அதனால்தான் ஆரணியில் நீங்கள் நடத்துகிற பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். நான் சொல்வது உண்மையா பொய்யா என்று எங்கள் பாவுத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும்.

2

தொண்ணூறுகளின் கடைசியில் கடையை மருமகன் கையில் கொடுத்தேன். பட்டறையைத் தம்பி எடுத்துக்கொண்டான். ‘ஒழைச்ச வரைக்கும் போதும்ண்ணா, கம்முனு உக்காந்து சாப்புடு’ என்றான். உட்கார்ந்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பம்.

கடைக்குப் போனால் மருமகன் எழுந்து நாற்காலி கொடுப்பான். காபி வரும். ‘மாமா, ஃபேன் போடட்டுமா?’ என்பான். நான் ஒரு சேலையை விரித்துக் காட்டினால், வாங்க வந்த அம்மாள் மருமகன் முகத்தைப் பார்ப்பாள். மரியாதை கொடுத்தே ஒரு மனுஷனைக் கொல்ல முடியும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஒரே வருடத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. சர்க்கரை வந்தது. கண்ணமங்கலம் வரைக்கும் சைக்கிளில் போய் வந்தவன், தெருமுனை மருந்துக் கடைக்கு ஆட்டோ கூப்பிட்டேன்.

அப்புறம் மகன் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டான். எனக்கும் ருக்குவுக்கும் இங்கேயே தங்குவதற்கான பச்சை அட்டைக்கு ஏற்பாடு செய்தான். ருக்கு என் மனைவி. அட்டைக்காகக் கைரேகை எடுத்தார்கள். சின்ன வயதிலிருந்து நூல் இழுத்த கை. ரேகை தேய்ந்து வழவழவென்று கிடந்தது. அந்த ஆபீஸ் அம்மாள் என் விரலைத் துடைத்துத் துடைத்து மெஷினில் அழுத்தினாள். ஒன்றும் விழவில்லை.

“இன்னாடா சொல்றா?” என்று மகனைக் கேட்டேன்.

“ரேகையே இல்லியாம் நைனா. ஆளு யாருன்னு மெஷினுக்குத் தெரியலியாம்.”

“ஆரணிக்கு வந்து கேக்கச் சொல்லு, சொல்லுவாங்க.”

ருக்கு சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. திரும்ப வரச் சொல்லி, திரும்பப் போய், எப்படியோ அட்டை வந்தது.

இங்கே வந்து பார்த்தால் உட்காருவதற்கு இன்னும் நல்ல நாற்காலி. காலையில் மகன், மருமகள், பேத்தி எல்லோரும் கிளம்பிவிட்டால் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான். முதலில் பேத்தியைப் பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிற வேலை எனக்கு இருந்தது. ‘தாத்தா, ப்ளீஸ், அந்த மங்கி கேப் வேணாம்’ என்றாள். கழற்றினேன். பிறகு வேட்டி வேண்டாம் என்றாள். பேன்ட் போட்டேன். பிறகு ஒரு நாள், ‘தாத்தா, நானே போறேன், ஓகே?’ என்றாள். அவள்மேல் தப்பில்லை. ஆனால் அதோடு என் கடைசி வேலையும் போனது.

ஒரு நாள் ஆரணியிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். என் இரண்டாவது பெண்ணின் குரல். பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறக்கிறேன், பெயர் வரவில்லை. முகம் தெரிகிறது. அவள் கல்யாணச் சேலையின் பார்டர் கண் முன்னால் நிற்கிறது. பெயர் மட்டும் இல்லை. ‘நைனா? நைனா?’ என்கிறாள் அவள். போனை ருக்கு கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெகு நேரம் கழித்து வந்தது: மல்லிகா. கடை எரிந்தபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை.

மகனிடம் சொல்லாமல், முட்டி வலி என்று சாக்குச் சொல்லி டாக்டரிடம் போனேன். தெலுங்குக்காரர், வேலூரில் படித்தவர், நம் பேச்சு புரியும். எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாத்திரை நான் தரேன், பெரியவரே. ஆனா காலும் நடக்கணும், வாயும் பேசணும். ரெண்டும் ஒண்ணா நடக்கணும். தனியா மட்டும் நடக்காதீங்க. தனியா நடக்கறவங்க ஒரு நாள் நிறுத்திடுவாங்க. யாருக்கும் தெரியாது.”

3

குளிர்காலத்தில் வெளியே எங்கே நடப்பது? பனியில் விழுந்தால் இடுப்பு போகும். ஆனால் இந்த ஊரில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெரிய மாலில் கடைகள் திறப்பதற்கு வெகு முன்பே வெளிவாசலைத் திறந்துவிடுகிறார்கள். உள்ளே கதகதப்பு. மூடின கடைகளுக்கு முன்னால் வெள்ளைக்காரக் கிழவர்கள் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். அதைப் பார்த்தேன். நம் ஆட்களைச் சேர்த்தேன். கோயிலில் பிடித்தேன், மளிகைக் கடையில் பிடித்தேன், துணி துவைக்கும் கடையில் மகன் சட்டையை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்தேன். அவர்தான் நடராஜன் சார்.

திருச்சிக்காரர். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு மகனோடு, எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற அப்பார்ட்மென்டில் இருந்தார். படித்தவர் என்பதால் என் பேச்சைத் திருத்திக்கொண்டே நடப்பார்.

“ஆரணியாரே, உங்க ஊர் அரிசிதான் எங்க வீட்ல. அரிசி பிரமாதம். தமிழ்லதான் கல்லு.”

“கல்லு கீறதாலதான் சார் எடை நிக்குது. உங்க தமிழு காத்துல பறக்குது.”

கூட்டத்துக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் புதிதாக ஒன்று சொல்ல வேண்டும். நேற்றுப் பார்த்தது, தின்றது, சண்டை போட்டது, எதுவானாலும் சரி. ஒருமுறை சொன்னதையே திரும்பச் சொன்னால் அவர் மட்டும் கூடுதலாக ஒரு சுற்று நடக்க வேண்டும். இதனால் எல்லோரும் முந்தின நாளே, ‘நாளைக்கு என்ன சொல்வது’ என்று மூளையைக் கசக்குவார்கள். நடராஜன் சார் பேப்பர் படித்துத் தயாராக வருவார். நான் மல்லிகாவுக்குப் போன் செய்து ஆரணிச் செய்தி எல்லாம் வாங்கிக்கொண்டு வருவேன். பெயர்கள் எனக்குத் திரும்ப வந்தன. மருமகனின் தாத்தா பெயர் வரைக்கும் வந்தது.

ஆனால் குளிர் ஏறியதும் ஆள் குறைந்தது. இன்றைக்கு ஒருவர் வரவில்லை, நாளைக்கு இரண்டு பேர். தனியாக நடப்பவர்கள் நின்றுவிடுவார்கள் என்று டாக்டர் சொன்னார்; கூட்டமும் நின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் நான் பாவுத் தெருவை இங்கே இறக்கினேன்.

4

நெசவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகள் எல்லாம் சேர்ந்ததுதான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால், வெயில் வருவதற்குள், அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிய வேண்டும். ஒரு வீட்டு ஆள் போதாது. உன் பாவுக்கு நான் வருவேன், என் பாவுக்கு நீ வர வேண்டும். அதனால் பாவுக்காரர்கள் விடியும் முன்னே தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போவார்கள். வர முடியாதவர் வாயால் சொல்ல வேண்டும். பதில் வராத கதவை விட்டு நகரக் கூடாது. அதுதான் சட்டம்.

எங்கள் தெருவில் எல்லம்மா என்று ஒருத்தி இருந்தாள். இரண்டு தறியைத் தனியாளாக வைத்து நடத்தியவள். அவள் பாவு நீட்டுகிற அன்றைக்குச் செத்தவன்கூட எழுந்து வருவான். ஒருமுறை கோவிந்தசாமி என்பவர் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்துவிட்டார். நாங்கள் தட்டினோம். பதில் இல்லை. ‘வுடு எல்லம்மா, வெயில் வந்துரும், ஜல்தியா வேலையப் பாப்போம்’ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் உலக்கையை எடுத்துவந்து கதவை இடித்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: “அடிங், கய்தே! வரலன்னா வரல, போடீ!”

எல்லம்மா உலக்கையைக் கீழே வைத்தாள். “சரி, உசுரோட கீறான். வாங்க போலாம்.”

அவளுக்கு அன்றைக்கு ஆள் வேண்டும்தான். அதைவிட முக்கியம் பதில்.

அதே சட்டத்தைத்தான் நான் இங்கே போட்டேன். ஒரு நாள் நடராஜன் சார் மாலுக்கு வரவில்லை. முந்தின நாளும் வரவில்லை. மறுநாள் இருட்டு பிரிகிற நேரத்தில் மங்கி கேப்பை இழுத்து மாட்டிக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆரணித் தட்டு. உள்ளங்கையால்.

நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த வருடத்துக் குளிர்காலம் அது. இந்த ஊரே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அவர் மருமகள் நடுங்கிக்கொண்டே சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தாள். ‘மாமாவுக்கு லேசா சளி அங்கிள்’ என்றாள். சரி, பதில் வந்துவிட்டது என்று திரும்புகிறேன், படிக்கட்டில் போலீஸ் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரி போன் செய்திருக்கிறாள்.

நெட்டையான ஆள். குனிந்து ஏதோ கேட்டார்.

“யெஸ்” என்றேன்.

இன்னொன்று கேட்டார். அதற்கும் “யெஸ்.” புரியாத கேள்விக்கு யெஸ் சொல்வது என் வழக்கம். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் எல்லாம் யெஸ் சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை. என் தோளை மெதுவாகப் பிடித்துக் காரில் உட்காரவைத்து, நடந்தால் சாலையைத் தாண்டினதும் வருகிற என் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்.

மகனிடம் வெகு நேரம் பேசினார். அவர் போனதும் மகன் கதவைச் சாத்தினான்.

“அந்தாளு உன்ன ‘ஆர் யூ லாஸ்ட்’ன்னு கேட்டுக்கீறான். நீ யெஸ்ஸுன்னுக்கீற. லாஸ்ட்டுன்னா இன்னா தெரியுமா நைனா? வழி தெரியாம காணாப் போன கெழவன். ‘உங்க அப்பாவுக்கு மறதி நோய் இருக்கா’ன்னு கேட்டுட்டுப் போறான்.”

“எனுக்கா மறதி? அந்தாளு பாட்டன் பேரு அந்தாளுக்குத் தெரியுமா, கேளு.”

“வெளையாடாத. காலங்காத்தால மூஞ்சிய மூடிகினு ஒருத்தன் கதவ இடிச்சா இன்னா நெனப்பாங்க? அதுவும் இந்த வருஷம்? சுட்டுட்டா இன்னா பண்ணுவ?” அவன் குரல் உடைந்தது. உடனே கோபமாக்கிக்கொண்டான். “இன்னொரு தபா போலீஸ் வந்துச்சு, ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பிடுவேன். சத்தியம்.”

ருக்கு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “போட்டா போடட்டும். அங்க போனா மாப்பிள்ள ஃபேன் போட்டு உக்கார வெப்பாரு.”

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆரணி எனக்குப் பயமில்லை. அந்த நாற்காலிதான் பயம். அதில் இன்னொரு வருடம் உட்கார்ந்தால் மல்லிகா பெயர் மட்டும் இல்லை, என் பெயரும் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

5

இனிக் கதவைத் தட்டக் கூடாது, போன் மட்டும்தான் என்று மகன் சொல்லிவிட்டான். நடராஜன் சாரின் மகனும் அவரிடம், ‘அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டாம்ப்பா, பிரச்சனை’ என்று சொல்லிவிட்டார். கூட்டம் சுருங்கியது. நானும் ருக்குவும், சொன்னதையே சொல்லும் ஒரு தம்பதியும் மட்டும் நடந்துகொண்டிருந்தோம்.

நான் தினம் நடராஜன் சாருக்குப் போன் செய்வேன். முதலில் நன்றாகப் பேசினார். போகப் போகப் பேச்சு சிறுத்தது.

“இன்னா சார் சாப்டீங்க?”

“ஏதோ சாப்ட்டேன்.”

“இன்னைக்குப் பேப்பர்ல இன்னா சார்?”

“பார்க்கல.”

ஒரு நாள் சும்மா கேட்டேன், “இன்னைக்கு இன்னா கெழம சார்?” மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பேங்கை நிர்வாகம் செய்த மனுஷர். பிறகு, “இங்க எல்லாக் கிழமையும் ஒண்ணுதான், ஆரணியாரே” என்றார். போனை வைத்த பிறகும் அந்தக் குரல் என் காதில் இருந்தது. நான் குளியலறைக்குள் நின்றபோது எனக்குள் கேட்ட அதே குரல்.

அதற்கு மறுவாரம் ஒரு காலை நான் கூப்பிட்டபோது அவர் வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். மெஷின் பேசியது. எங்கள் வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ருக்கு கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“நீ எங்க வர்ற?”

“நீங்க அங்கதான போறீங்க? உங்கள போலீஸ் புடிச்சா ‘யெஸ்’ சொல்லாம இருக்க ஒரு ஆள் வாணாம்?”

பனியில் அடி மேல் அடி வைத்துச் சாலையைக் கடந்தோம். அவர் வீட்டுக்கு முன் நின்றேன். உள்ளே டிவி ஓடுகிறது. மெதுவாகத் தட்டினேன். பதில் இல்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினேன். எதிர்க் கதவு திறந்தது. அதே அம்மாள். என்னைப் பார்த்தாள், என் தொப்பியைப் பார்த்தாள், ‘போலீஸ்’ என்ற சொல் வருகிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“வாங்க போயிடலாம்” என்று ருக்கு என் கையைப் பிடித்தாள். “டிவியப் போட்டுட்டுத் தூங்கறாரோ இன்னாவோ. புள்ள சத்தியம் பண்ணிக்கீறான்.”

அவள் சொன்னது நியாயம். தூங்கலாம். குளிக்கலாம். மகன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். உள்ளே யாரும் இல்லாத வீட்டுக் கதவை இடித்ததற்காக நான் ஆரணி நாற்காலிக்குத் திரும்ப வேண்டுமா? படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். ஒரு படி இறங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், இறங்கினேன்.

அப்போது கதவின் அடிப்பக்கத்தில் ஒரு சத்தம். டொக். கொஞ்சம் கழித்து, டொக்.

“பல்லி கில்லி எதுனா...” என்றாள் ருக்கு.

“இந்தக் குளிர்ல பல்லி ஏதுடி?”

திரும்பி ஓடி உள்ளங்கையால் அடித்தேன். “சார்! நான் ஏகாம்பரம். வாயத் தொறந்து சொல்லுங்க சார்! வாணான்னு சொல்லுங்க, போயிடறேன். திட்டுங்க சார்! கய்தேன்னு திட்டுங்க!”

டொக். அவ்வளவுதான்.

ருக்கு அந்த வாசலிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். “நான் இங்கிருந்து வரல. எவன் வந்தாலும் சரி” என்றாள். மல்லிகா கல்யாணத்தில் சம்பந்தியோடு தகராறு வந்தபோது உட்கார்ந்தாளே, அதே மாதிரி. நான் கதவுக்கு வெளியே நின்று நிறுத்தாமல் பேசினேன். அரிசி பற்றி, கல் பற்றி, எல்லம்மா பற்றி. வாயை மூடினால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்று ஒரு பயம்.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அதே நெட்டையான ஆள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து பெருமூச்சு விட்டார்.

“ஆர் யூ லாஸ்ட் அகெய்ன், சார்?”

இப்போது அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

“நோ” என்றேன். இந்த நாட்டில் ஒரு அதிகாரியிடம் நான் சொன்ன முதல் நோ அதுதான். “மை ஃப்ரெண்ட் இன்சைட். ஓல்ட் மேன். நோ ஆன்சர். ஓப்பன்.”

அவர் என்னை நகரச் சொன்னார். நான் நகரவில்லை. கதவின் அடியில் கையைக் காட்டினேன். அவர் மண்டியிட்டுக் காதை வைத்தார். முகம் மாறியது. ரேடியோவில் பேசினார். அப்பார்ட்மென்ட் ஆபீஸ்காரர் சாவியோடு ஓடிவந்தார்.

நடராஜன் சார் கதவுக்குப் பின்னாலேயே தரையில் கிடந்தார். உடம்பெல்லாம் வியர்த்துச் சட்டை ஒட்டியிருந்தது. கையில் எவர்சில்வர் டம்ளர். அதைக்கொண்டுதான் தட்டியிருக்கிறார். அவருக்கும் சர்க்கரை நோய் உண்டு. காலையில் அதற்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பசியில்லை என்று சாப்பிடாமல் இருந்திருக்கிறார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆம்புலன்ஸ்காரர் போலீஸிடம் சொன்னார். எனக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை. நெட்டையான ஆள் என்னைப் பார்த்த விதத்தில் புரிந்தது.

6

ஆஸ்பத்திரிக்கு என் மகன் ஆபீஸிலிருந்து நேராக வந்தான். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

“டிக்கெட் போட்டுட்டியா?” என்று கேட்டேன்.

அவன் என் மடியில் கிடந்த மங்கி கேப்பை எடுத்து, தூசியைத் தட்டி, என் தலையில் மாட்டிக் காது வரைக்கும் இழுத்துவிட்டான். “வெளிய குளிரு நைனா. வா போலாம்” என்றான்.

மறுநாள் நடராஜன் சார் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து என்னைக் கூர்ந்து பார்த்தார். “ஆரணியாரே, கதவுக்கு வெளியில நின்னு என்னமோ திட்டச் சொன்னீங்களே. அது கழுதைதானே? உச்சரிப்பு சரியில்ல.”

சரி, உயிரோடு இருக்கிறார் என்று அப்போதுதான் நம்பினேன்.

அதன் பிறகு கூட்டம் தழைத்தது. சட்டத்தைக் கொஞ்சம் மாற்றினோம். விடிந்த பிறகுதான் தட்ட வேண்டும். அப்பார்ட்மென்ட் ஆபீஸில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மங்கி கேப் போட்டவர் தன்னோடு இன்னொருவரை அழைத்துக்கொண்டு போக வேண்டும். இன்றைக்கு இங்கே பல அடுக்ககங்களில் நம் பெரியவர்கள் முறை வைத்து ஒருவர் கதவை ஒருவர் தட்டுகிறார்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. முட்டி வலி இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடக்கிறேன், பேசுகிறேன், ஆரணியில் யார் வீட்டில் யார் பிறந்தார்கள் என்பது வரைக்கும் பெயர் சொல்வேன். கூட்டத்தைப் பின்னால் இங்குள்ள தமிழ் அமைப்பு எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளட்டும், நல்லதுதான். ஆனால் மலரில் என்ன போட்டிருக்கிறார்கள்? ‘காலை நலம் விசாரிப்புத் திட்டம், செயற்குழுவின் சிந்தனையில் உருவானது.’

எந்தச் செயற்குழு? அன்றைக்கு அந்த வாசலில் ருக்கு உட்கார்ந்திருந்தாள், நான் நின்றிருந்தேன். செயற்குழு எங்கே இருந்தது?

அந்தக் கட்டுரையை எழுதியவர் நடராஜன் சார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாலில் நடக்கும்போதே கேட்டேன்.

“இன்னா சார், நீங்களே இப்பிடிப் பண்ணிட்டீங்களே?”

அவர் நின்றுவிட்டார். “உங்க பேரைப் போட்டா அந்தக் கதவைப் போடணும். கதவைப் போட்டா உள்ள நான் தனியா கிடந்ததைப் போடணும். என் பையன் இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?”

எனக்குக் கோபம் இறங்கியது. பாதிதான் இறங்கியது.

“உங்க கதவு வாணாம் சார். உங்க பேரும் வாணாம். எங்க தெரு கதவு கீதே, கோவிந்தசாமி கதவு, அத்தப் போடுங்க. எல்லம்மாவப் போடுங்க. என்னப் போடுங்க.”

“செயற்குழுத் தலைவர்கிட்ட நீங்களே கேளுங்க” என்றார். கேட்டேன். ‘பார்க்கலாம்’ என்றார் தலைவர். சேலை வாங்காமல் கடையை விட்டு இறங்குகிறவர்கள் சொல்கிற பார்க்கலாம் அது. எனக்குத் தெரியாதா?

எனவே ஆரணிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிய இங்கே எழுதிவைக்கிறேன். தலைவருக்கும் இந்தப் பத்திரிகையின் ஒரு பிரதி போகும். அடுத்த மலரில், முதல் பக்கத்தில், இரண்டு வரி வர வேண்டும்: வராதவர் கதவைத் தட்டிப் பதில் கேட்காமல் நகரக் கூடாது என்ற வழக்கம் ஆரணி பாவுத் தெருவினுடையது. இந்த ஊருக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் ஏகாம்பரமும் அவர் மனைவி ருக்மணியும். ருக்கு பெயரை விட்டுவிட்டு என் பெயரை மட்டும் போட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போடுகிற வரைக்கும் தினம் காலையில், விடிந்த பிறகு, அப்பார்ட்மென்ட் ஆபீஸில் முறைப்படி சொல்லிவிட்டு, தலைவர் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன். போலீஸைக் கூப்பிட்டாலும் சரி. அந்த நெட்டையான ஆளுக்கு என்னைத் தெரியும். பதில் வராமல் நான் நகர மாட்டேன்.